ஜெர்மனிப் பயணத்துக்கு இன்னும் கொரோனாச் சான்று வேண்டுமா?

ஜெர்மனியில் பணிபுரியும் மகனையோ மகளையோ பார்க்கச் செல்லவிருக்கும் பெற்றோர் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் இன்றும் ஒரு வினாவை எழுப்புகின்றனர். தடுப்பூசிச் சான்று தேவையா, பி.சி.ஆர். பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்பதே அது. சிலர் 2021ஆம் ஆண்டில் அச்சிட்ட கோவின் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டுகின்றனர். விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம்: தேவையில்லை. ஜெர்மனியின் கொரோனா நுழைவு ஆணை 2023 ஏப்ரல் 7ஆம் நாளோடு காலாவதியாயிற்று. அதன்பின் கொரோனா தொடர்பான எந்தச் சான்றும் அந்நாட்டின் எல்லையில் கேட்கப்படுவதில்லை.

ஆயினும் அந்த விதிகள் எவ்வாறு இயங்கின என்பதை நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நல்லது என்று கருதுகிறோம். அவற்றுக்கு அடிப்படையான தொற்றுப் பாதுகாப்புச் சட்டம் அந்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. தேவை ஏற்படின் புதிய ஆணை ஒன்றைப் பிறப்பிக்க அதன் 36ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. தளர்த்தப்பட்ட விதி விரைவில் திரும்பக்கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டும் உண்டு. 2022ஆம் ஆண்டின் நடுவில் ஏறத்தாழ எல்லாக் கட்டுப்பாடுகளும் நீங்கியிருந்தன. சீனாவில் தொற்று பெருகியபோது, 2023 ஜனவரி 9 முதல் அங்கிருந்து வருவோர் மட்டும் மீண்டும் பரிசோதனைச் சான்று காட்ட வேண்டியதாயிற்று.

அக்காலத்து விதிகள் இரண்டு தனித்தனி வினாக்களைக் கேட்டன. பயணி எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்பது முதல் வினா. அவர் கையில் என்ன சான்று இருக்கிறது என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் விமான நிலையத்தில் திகைத்து நின்றவர் பலர்.

முதல் வினாவுக்கான விடை ஒரு பட்டியலில் இருந்தது. பெர்லினில் உள்ள ராபர்ட் கோக் நிறுவனம் அதனை வெளியிட்டுவந்தது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த அதே கோக்கின் பெயர் தாங்கிய நிறுவனம் அது. தொற்று மிகுந்த நாடுகள் ஒரு வகையாகவும், கவலைக்குரிய புதிய உருமாறிய வைரஸ் பரவும் நாடுகள் மற்றொரு வகையாகவும் அதில் பிரிக்கப்பட்டிருந்தன. டெல்டா அலையின் போது, 2021 ஏப்ரல் 26 முதல் இந்தியா இரண்டாம் வகையில் சேர்க்கப்பட்டது. அதன் விளைவு கடுமையானது. ஜெர்மானியக் குடிமக்களையும் அங்கு வசிப்போரையும் தவிர மற்றவரை விமான நிறுவனங்கள் ஏற்றிச் செல்லவே பெரும்பாலும் அனுமதியில்லை. சென்று சேர்ந்தவர்களும் 14 நாள் தனித்திருக்க வேண்டும். இடையில் பரிசோதனை செய்து அதைக் குறைத்துக்கொள்ள இயலாது. ஜூலை 7 அன்று இந்தியா முதல் வகைக்கு மாற்றப்பட்ட பின்னரே வழி சற்றுத் திறந்தது. அப்போது தனிமைக் காலம் 10 நாள் என்றும், ஐந்தாம் நாளில் பரிசோதித்துத் தொற்று இல்லையெனில் அத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்றும் ஆயிற்று. ஏற்கப்பட்ட தடுப்பூசியை முழுமையாகச் செலுத்திக்கொண்டவர்களுக்கு அத்தனிமையும் தேவைப்படவில்லை.

இந்த நாள் கணக்குகள் மனம்போனபடி வகுக்கப்பட்டவை அல்ல. வைரஸ் உடலில் புகுந்த பின் அறிகுறி தோன்றப் பெரும்பாலோருக்கு ஐந்தாறு நாட்களும், அரிதாகச் சிலருக்கு 14 நாட்கள் வரையும் ஆகலாம் என்று அப்போது கணக்கிடப்பட்டிருந்தது. ஐந்தாம் நாள் பரிசோதனை என்பது பெரும்பாலோரைக் கருதியது. 14 நாள் என்பது அந்தச் சிலரையும் விட்டுவிடாதது. புதிய உருமாற்றத்தின் முன் தடுப்பூசி எவ்வளவு காக்கும் என்பது தெளிவாகாத நிலையில், தடுப்பூசி போட்டவருக்கும் சலுகை மறுக்கப்பட்டது இதனால்தான்.

இரண்டாவது வினாவை ஜெர்மானியர் சுருக்கமாக '3ஜி' என்றனர். கெயிம்ப்ட், கெனேசன், கெடெஸ்டெட்: தடுப்பூசி போட்டவர், நோயிலிருந்து மீண்டவர், பரிசோதிக்கப்பட்டவர். மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் நம் செய்யுள் மோனைபோல் அச்சொல் அந்நாட்டு மக்கள் நாவில் எளிதாகப் பதிந்துவிட்டது. 2021 ஆகஸ்ட் 1 முதல், 12 வயது நிறைந்த எவரும் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இம்மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

தடுப்பூசிச் சான்றில் எண்ணிக்கை மட்டும் போதவில்லை. எந்த ஊசி என்பதும் கணக்கிடப்பட்டது. அந்நாட்டின் பவுல் எர்லிக் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் அதன் பெயர் இருக்க வேண்டும். கடைசித் தவணை முடிந்து 14 நாள் கடந்திருக்க வேண்டும். அஸ்ட்ராசெனகா ஊசியின் இந்திய வடிவமான கோவிஷீல்டு ஏற்கப்பட்டது. கோவேக்சின் ஏற்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3 அன்று கோவேக்சினை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பின்னரும் ஜெர்மனி அதனைப் பயணத்துக்கு ஏற்றது 2022 ஜூன் 1 முதல்தான். அந்த ஏழு மாதங்கள் பல குடும்பங்களுக்கு வேதனையானவை. அருகிலிருந்த முகாமில் அன்று எந்த ஊசி இருந்ததோ அதைப் போட்டுக்கொண்டவர்கள் நம் மக்கள். முகாமில் வாய்த்த அந்த ஊசியே, பேரக்குழந்தையைக் காணச் செல்லலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்தது. பேறுகாலம், திருமணம், இறப்பு போன்ற தவிர்க்கவியலாத குடும்பக் காரணம் இருந்தால் விதிவிலக்குக் கோர வழி இருந்தது என்றாலும், அதை ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஏற்பு கிடைத்த பத்தே நாளில், ஜூன் 11 அன்று, தடுப்பூசியை நுழைவு நிபந்தனையாக வைத்த விதியே நீங்கிவிட்டது என்பதையும் இங்குச் சொல்லத்தான் வேண்டும்.

சான்றிதழின் எழுத்துகளும் சிக்கல் தந்தன. தொடக்கத்தில் கோவின் சான்றிதழில் வயது மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. பிறந்த தேதி இல்லை. பயணச் சான்றுகளிலோ பிறந்த தேதி எதிர்பார்க்கப்பட்டது. வெளிநாடு செல்வோருக்காக அது பின்னர் சேர்க்கப்பட்டது. கடவுச்சீட்டு எண்ணையும் இணைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஒரு சான்றில் தந்தையின் பெயர் முதலெழுத்தாகவும் மற்றொன்றில் முழுப்பெயராகவும் இருப்பது நம்மிடையே இயல்பு. ஐரோப்பிய எல்லை அலுவலருக்கு அவை இருவேறு மனிதரின் பெயர்களாகத் தோன்றக்கூடும். கொரோனா விதிகள் போனாலும் இச்சிக்கல் போகவில்லை. மருத்துவக் கடிதம், காப்புறுதிப் பத்திரம், மருந்துச் சீட்டு ஆகிய அனைத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும்.

பரிசோதனை பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பி.சி.ஆர். 72 மணி நேரத்துக்குள்ளும், விரைவு ஆன்டிஜென் பரிசோதனை 48 மணி நேரத்துக்குள்ளும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது 2021 ஆகஸ்ட் ஆணையின் விதி. இரண்டுக்கும் ஏன் இந்த வேறுபாடு? பி.சி.ஆர். வைரஸின் மரபணுத் துணுக்கைப் பலமடங்கு பெருக்கித் தேடுவது. மிகச் சிறிய அளவையும் தொற்றின் தொடக்கத்திலேயே காட்டிவிடும். ஆன்டிஜென் பரிசோதனை வைரஸின் புரதத்தைத் தேடுவது. வைரஸ் நிறைய இருந்தால்தான் தென்படும். ஆகவே அதன் முடிவுக்கு ஆயுள் குறைவு. பி.சி.ஆரின் நுண்மையே வேறொரு தொல்லையையும் தந்தது. நோயிலிருந்து முற்றிலும் மீண்டு, பிறருக்குப் பரப்பும் நிலை கடந்தவரின் மூக்கிலும் இறந்த வைரஸின் துணுக்குகள் சில வாரங்கள் எஞ்சியிருக்கலாம். அவருக்கு முடிவு 'பாசிட்டிவ்' என்றே வரும். நோயிலிருந்து மீண்டவருக்கெனத் தனிச் சான்று வகுக்கப்பட்டதற்கு இது ஒரு காரணம். முதல் பாசிட்டிவ் முடிவு வந்து 28 நாள் கடந்தும் ஆறு மாதத்துக்குள்ளும் இருப்பவர் அந்தப் பழைய முடிவையே சான்றாகக் காட்டலாம் என்று முதலில் விதித்தனர்.

விதிகளைப் பற்றி எங்கள் தரப்பிலிருந்து கூற வேண்டிய முதன்மையான செய்தி இதுதான்: எல்லை கேட்ட வினாவும் உடல் கேட்கும் வினாவும் வேறு. இரண்டு தவணை போட்டு 14 நாள் கடந்தவர் அனைவரையும் ஜெர்மானிய விதி ஒன்றாகவே கண்டது. ஆனால் சிறுநீரக மாற்று அறுவை செய்து, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை உட்கொள்பவரின் உடல் இரண்டு தவணைக்குப் பின்னும் போதிய எதிர்ப்பொருளை உண்டாக்காமல் போகக்கூடும். இத்தகையோருக்குக் கூடுதல் தவணை தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2021 அக்டோபரில் பரிந்துரைத்தது. சான்றிதழ் 'செல்லலாம்' என்றது. அவரோ நெரிசலான விமானத்தில் ஏறக்குறையக் காப்பின்றியே அமர்ந்திருந்திருப்பார். இன்று சான்றிதழே கேட்பதில்லை என்பதால் இந்த ஆபத்து மறைந்துவிடவில்லை. விமானங்களில் முகக்கவசம் அணியும் கட்டாயத்தை ஜெர்மனி 2022 அக்டோபர் 1 முதல் நீக்கிற்று. ஆனால் புற்றுநோய்க்கு வேதிமருந்து பெறுவோர், மாற்று உறுப்புப் பெற்றோர், நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளோர் எஃப்.எஃப்.பி.2 அல்லது என்95 முகக்கவசத்தை அணிந்தே பயணம் செய்ய வேண்டும் என்பது எங்கள் அறிவுரை. அருகில் இருப்பவர் வியப்புடன் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

தனிமைப்படுத்தலையும் இவ்வாறே நோக்க வேண்டும். நலமுள்ள ஒருவருக்கு 14 நாள் அறையில் அடைந்திருப்பது சலிப்பு. வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதே 14 நாள் என்பது ஆறு அமர்வுகள். அவற்றில் ஒன்றைக்கூடத் தள்ளிப்போட இயலாது. விதி மீண்டும் வருமாயின் இத்தகையோர் பயணச்சீட்டு வாங்குமுன் சென்று சேரும் ஊரின் சுகாதார அலுவலகத்திடமும் டயாலிசிஸ் மையத்திடமும் எழுத்து மூலம் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். விதி ஏதும் இல்லாத இந்நாளிலும் மையத்தில் முன்பதிவு இன்றியமையாதது. ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான அண்மைப் பரிசோதனை முடிவுகளை அம்மையங்கள் வழக்கமாகக் கேட்கும்.

இனி, இன்று நடைமுறையில் உள்ளவை. குறுகிய காலப் பயணத்துக்கு ஷெங்கன் விசா வேண்டும். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே அளிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது அளித்தால் ஏற்பது அரிது. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அவசரச் சிகிச்சை, மருத்துவமனை அனுமதி, உடல்நலக் காரணத்தால் அல்லது இறப்பால் தாயகம் திருப்பி அனுப்புதல் ஆகியவை அதில் அடங்க வேண்டும். இங்கேதான் நோயாளிகள் ஏமாறுகின்றனர். விசா அலுவலகத்தை நிறைவுசெய்யும் மலிவான பத்திரம் பல வேளைகளில் முன்பே உள்ள நோய்களை விலக்கியிருக்கும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு மீண்டும் நெஞ்சுவலி வந்தால் அப்பத்திரம் உதவாமல் போகலாம். முன்பே உள்ள நோய்க்கு எவ்வளவு தருவீர்கள் என்று முகவரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

மருந்துகளைப் பொறுத்தவரை, சொந்தப் பயன்பாட்டுக்காகச் சாதாரண மருந்துகளை ஏறத்தாழ மூன்று மாத அளவு வரை ஜெர்மனிக்குள் கொண்டுசெல்லலாம். நம் நாட்டு மருந்துச் சீட்டை அங்குள்ள மருந்தகங்கள் ஏற்கும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆகவே தங்கும் நாட்களுக்குச் சில நாள் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். அவற்றை இரு பங்காக்கி, ஒரு பங்கைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலின் முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கறையில் அது உறைந்து கெடக்கூடும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் மருந்தின் மூலப்பெயர் சீட்டில் இருக்கட்டும். மார்ஃபின், ஃபென்டனில் பட்டை போன்ற கட்டுப்படுத்தப்பட்ட வலிநீக்கிகளுக்கு விதி வேறு. மூலப்பெயர், ஒரு வேளை அளவு, நாள் அளவு, பயண நாட்கள் ஆகியவற்றைக் குறிப்பிடும் மருத்துவரின் ஆங்கிலச் சான்று வேண்டும். பொதுவாக 30 நாள் அளவுக்கு மிகக் கூடாது. புறப்படுமுன் ஜெர்மானியத் தூதரகத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பயணத்துக்கான மருத்துவக் கடிதம் வேண்டுவோர் புறப்படும் நாளுக்கு நான்கு வாரம் முன்னதாகத் தம் மருத்துவரைக் காண வேண்டுகிறோம். கடவுச்சீட்டின் நகல், அண்மைய சிகிச்சைச் சுருக்கம், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். வாயு உருளையோ சக்கர நாற்காலியோ விமானத்தில் தேவைப்படுவோர் அதனையும் அன்றே கூறிவிடுங்கள். விமான நிறுவனத்தின் படிவத்தில் மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதி தனியே உண்டு; நேரில் பரிசோதிக்காமல் அதில் கையொப்பமிட எங்களால் இயலாது.