கடைச் சுவருக்கு கிரீமா, வெள்ளையா?

கடைக்குப் பெயின்ட் அடிக்கும்போது நம்மில் பலர் கலர் கார்ட்டைப் பார்த்து, கண்ணுக்குப் பிடித்ததைக் கை காட்டி விடுகிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான். எனது புடைவைக் கடையைத் திருத்தியபோது இளம் கிரீமா, இலேசாகச் சாம்பல் கலந்த வெள்ளையா என்று யோசித்தேன். வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று கிரீமைத் தெரிவு செய்தேன். கடை அழகாகத்தான் இருந்தது.

சில மாதங்களில் ஒரு கலியாண வீட்டார் வந்து, மணப்பெண்ணின் சாரிக்குப் பொருத்தம் பார்த்து பிளவுஸ் துணி வெட்டிச் சென்றார்கள். மறுநாள் அந்தத் தாய் இரண்டையும் கடை வாசல் வெயிலில் விரித்தார். "நானா, இது ரெண்டும் ஒண்டா?" சாரி பால் வெள்ளை, துணியிலோ மஞ்சள் தெரிந்தது. வெட்டிய துணியைத் திருப்பி எடுத்தேன். அந்தக் குடும்பம் பிறகு என் கடைக்கு வரவேயில்லை.

காரணம் சுவர்தான். விளக்கொளியில் ஒரு பங்கு சுவரில் பட்டுத் திரும்பித்தான் துணியில் விழுகிறது. கிரீம் சுவர் அதிலுள்ள நீலத்தைக் கொஞ்சம் விழுங்கி விடும். நீலம் குறைந்த ஒளியில் பால் வெள்ளையையும் மஞ்சள் கலந்த வெள்ளையையும் பிரித்தறிவது கஷ்டம். சுவர்கள் நெருங்கிய ஒடுக்கமான கடையில் இது இன்னும் கூடும். மஞ்சள் ஒளி தரும் பல்பும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். பல்புப் பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்றிருந்தால் மஞ்சள் ஒளி. 6500 என்றால் வெள்ளை ஒளி.

சில கலர் கார்ட்களில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100. நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்பதையே அது சொல்லும். திரும்பும் ஒளியின் சாயலைச் சொல்லாது. ஆகவே எண் கூடிய கிரீமும் உங்களை ஏமாற்றலாம்.

சிறிய கார்ட்டில் மங்கலாகத் தெரியும் நிறம் நான்கு சுவரிலும் ஏறினால் அழுத்தமாகத் தெரியும். இரண்டடி ஹார்ட்போர்ட்டில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பின் சுவரோடு நிறுத்திப் பாருங்கள். காலையிலும், இரவில் விளக்கைப் போட்டும், உங்கள் சரக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பேக்கரிக்கு கிரீம் நன்றாகவே பொருந்தும், பாண் கூடச் சிவந்து தெரியும்! புடைவைக்குச் சரிவராது.

நான் இரண்டாம் முறை செலவழித்து முன்கடையை வெள்ளையாக்கினேன். கணக்கு எழுதும் பின்னறையில் மட்டும் கிரீம் அப்படியே இருக்கிறது. அங்கே யாரும் துணி பார்ப்பதில்லை.