சினைப்பை நீர்க்கட்டி நோயும் அன்றாட உணவும்

சினைப்பை நீர்க்கட்டி நோய் என்று மக்களிடையே வழங்கும் பெயரே மயக்கத்துக்கு இடமானது. 1935ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து டாக்டர்களான ஸ்டைன், லெவந்தால் ஆகிய இருவரும் ஏழு பெண்களிடம் இந்நோயைக் கண்டு விவரித்தனர். சினைப்பையில் அன்று காணப்பட்ட சிறு குமிழ்கள் உண்மையில் கட்டிகள் அல்ல. முதிராது நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகளே. "கட்டி" என்றதும் அறுவைச் சிகிச்சையை எண்ணி நடுங்கும் தாய்மாருக்கு இதனை முதலில் விளக்குதல் நலம்.

நோயின் வேர் பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது. இந்நோயுற்ற பெண்கள் பலரின் உடலில் இன்சுலின் செவ்வனே வேலை செய்வதில்லை. அக்குறையை ஈடுசெய்யக் கணையம் அதனை மேன்மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்பாற் சுரப்புநீர்களை அளவுக்கு மேல் உண்டாக்குகிறது. அதனால் முட்டை முதிர்வது தடைப்படுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது, முகத்தில் பருவும் ரோமமும் தோன்றுகின்றன. உலகில் பிள்ளைப்பேற்று வயதுள்ள பெண்களுள் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இந்நிலை உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் அதனை அறியார்.

உணவின் பங்கு இங்கேதான் வருகிறது. இதற்கென்று தனி உணவு ஏதேனும் உண்டா? இல்லை என்பதே விடை. பல முறைகளையும் ஒப்புநோக்கிய 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி, ஒன்று மற்றொன்றினும் உயர்ந்தது என்பதற்குச் சான்றில்லை என்றே கூறுகிறது. எனவே விலையுயர்ந்த விதைகளையும் பொடிகளையும் தேடி அலைய வேண்டுவதில்லை. பீகாரில் கொண்டைக்கடலைச் சத்துமாவு, இராஜஸ்தானத்தில் கம்பு ரொட்டி, மகாராஷ்டிரத்தில் சோளரொட்டியும் பருப்பும் என அவ்வவ்விடத்து உணவே போதும். தட்டில் சோற்றின் பரப்பு சுருங்கிக் காய்கறியும் பருப்பும் பெருக வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து முறை, இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையிட்டுத் தேநீர் அருந்துபவர் நாற்பது கிராம் அளவுக்குச் சர்க்கரையை அறியாமலே உட்கொள்கிறார். விரத நாளென்று ஜவ்வரிசிக் கிச்சடியும் பொரித்த உருளைக்கிழங்கும் உண்பதை உடல் விரதமாகக் கணக்கில் கொள்வதில்லை!

எடை மிகுந்தவர் சிறிதளவு இளைத்தாலும் பயனுண்டு. எழுபது கிலோ எடையுள்ளவர் மூன்றரைக் கிலோ, அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு, குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீர்படத் தொடங்குகிறது. எடை குறையாவிடினும் உடற்பயிற்சி இன்சுலினின் வேலைக்குத் துணைசெய்யும். வயதுவந்தோர்க்கு வாரத்தில் 150 நிமிட வேகநடையாவது வேண்டும். வளரும் சிறுமியர்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். பூப்படைந்த பெண்ணை விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கி உட்கார்த்தும் வழக்கம் இவ்வகையில் பெருங்கேடு. மெலிந்த பெண்களுக்கும் இந்நோய் வருமாதலால், "உண்பதைக் குறை" என்று எல்லாரிடமும் கூறுதல் தவறு. வளரும் பெண்ணைப் பட்டினி போடுதல் இரத்தசோகையிற் கொண்டுபோய் விடும். பருவும் ரோமமும் கேலிக்கு இலக்காகி மனம் சோர்ந்து பள்ளியை விட்டு நிற்கும் சிறுமியும் உண்டு. அதனை முதலில் காணக்கூடியவர் ஆசிரியரே.

பூப்படைந்த முதலாண்டில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. மூன்றாண்டு கடந்த பின்னும் 35 நாளுக்கு மேல் இடைவெளி தொடருமானால், அல்லது பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாவிடின், டாக்டரிடம் அனுப்புதல் வேண்டும். பூப்படைந்து எட்டு ஆண்டுகளுக்குள் ஸ்கேன் படத்தை மட்டும் கொண்டு இந்நோயென்று முடிவுகட்டலாகாது. அவ்வயதில் சினைப்பையில் பல பைகள் தோன்றுவது இயற்கையே. திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்பது வீண் நம்பிக்கை.

உணவும் நடையும் மருந்துக்கு மாற்றல்ல. மாதவிடாய் பன்மாதம் நின்றால் கருப்பையின் உள்வரி தடித்துப் பிற்காலத்தில் தீங்கு விளையலாம். அதற்குரிய மாத்திரைகளை டாக்டர் அளிப்பார். நோய் உறுதிப்பட்டவர் குளுக்கோஸ் அருந்திச் செய்யும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையை, மாதவிடாய் சீரான பின்னும், ஒன்று முதல் மூன்றாண்டுக்கு ஒரு முறை செய்துகொள்ளவேண்டும். கருவுற்றால், ஆஷா பணியாளர் முதல் வருகையிலேயே இந்நோய் உண்டென்பதைத் தாய்சேய் அட்டையில் குறிக்கச் செய்து, 24 முதல் 28 வாரத்துக்குள் அப்பரிசோதனை மீண்டும் நடைபெறுமாறு பார்த்துக்கொள்வது நலம்.