சட்டமின்றி வழிகாட்டுதலில் ஓடும் இணைய வரைபடம்

புது தில்லி: தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள உத்தர சுவாமிமலை முருகன் கோயிலைத் தலைநகரவாசிகள் "மலை மந்திர்" என்றே அறிவர். இரு பெயர்களில் எதைத் தேடினாலும் அதே இடத்தைக் காட்ட வேண்டும். அங்கு செல்லும் சிறந்த பாதையையும் கூற வேண்டும். இணைய வரைபடச் செயலியை உருவாக்குவோருக்கு முதல் சோதனை இதுவே.

பாதையைக் கண்டறியும் கணக்கு முறை பொதுச் சொத்து. சாலைச் சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் கொண்டு குறுகிய வழியைக் கண்டறியும் முறையை நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்டார். ஆனால், எது ஒருவழிப் பாதை, எங்கு திரும்பத் தடை என்ற துல்லியமான தரவுகள் இன்றி அக்கணக்கு பயன்படாது. இந்தியாவில் சிக்கல் தொடங்குவது இங்குதான்.

அச்சமும் அனுமதியும்: 1767-ல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்கள் நெடுங்காலம் பாதுகாப்புக் கட்டுப்பாட்டில் இருந்தன. 2005-ம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புப் படைகளுக்கு ஒன்றும் பொதுமக்களுக்கு ஒன்றுமாக இரு வரிசைகளை வகுத்தது. 2009 ஆகஸ்டில் இஸ்ரோ "புவன்" தளத்தைத் தொடங்கியது. தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட மேப்மைஇந்தியா நிறுவனமும் 1995 முதல் இத்துறையில் உள்ளது.

2013-ல் கூகுள் நடத்திய வரைபடப் போட்டிக்கு எதிராக நில அளவைத் துறை தில்லி காவல் துறையில் புகார் அளித்தது. 2016 மே மாதம் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வரைவு மசோதா, அனுமதியின்றி புவியிடத் தரவு திரட்டினால் ரூ.100 கோடி வரை அபராதமும் 7 ஆண்டு வரை சிறையும் விதிக்க முனைந்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் அது சட்டமாகவில்லை.

திசைமாற்றம்: 2021 பிப்ரவரி 15-ல் அறிவியல், தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்களுக்கு முன் அனுமதித் தேவையை நீக்கின. ஒரு மீட்டரைவிட நுண்ணிய கிடைமட்டத் துல்லியத் தரவுகளை இந்திய நிறுவனங்களே திரட்டலாம்; அவற்றை உள்நாட்டிலேயே சேமிக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் உரிமம் பெற்றுப் பயன்படுத்தலாம். அதன்படியே 2022 ஜூலையில் கூகுளின் "தெருக்காட்சி" சேவை, ஜெனிசிஸ், டெக் மஹிந்திரா ஆகிய இந்திய நிறுவனங்களின் துணையுடன் சென்னை உள்ளிட்ட 10 நகரங்களில் வந்தது. 2025-ல் அஞ்சல் துறை, ஏறத்தாழ 4 மீட்டர் சதுரத்துக்கு ஒரு 10 இலக்கக் குறியீடு தரும் "டிஜிபின்" முறையை வெளியிட்டது. ஒழுங்கற்ற முகவரிகளால் இடத்தேடலில் நேரும் குழப்பத்துக்கு இது ஒரு மாற்று.

ஒரு கேள்வி எஞ்சுகிறது. 2021 வழிகாட்டுதல்களோ, 2022 தேசிய புவியிடக் கொள்கையோ நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் அல்ல. நிர்வாக ஆணையால் திறந்த கதவை மற்றோர் ஆணையால் மூடிவிடலாம். பல ஆண்டு முதலீடு கோரும் தொழிலுக்கும், அதை நம்பி ஆம்புலன்ஸ் முதல் வாடகைக் கார் வரை அழைக்கும் மக்களுக்கும் நிலையான உத்தரவாதத்தை அவையில் விவாதித்து நிறைவேற்றப்படும் சட்டமே தர முடியும்.