முத்தின் தரத்துக்குப் பொறுப்பு எந்தச் சிப்பி?

பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி மணிகளைப் பற்றி எழுதிய அரபு நூலில் முத்துக்கு விரிவான இடம் உண்டு. வடிவம், நிறம், ஒளி என அன்றைய வணிகர் நோக்கிய பண்புகளையே இன்றைய மரபியலாரும் அளக்கின்றனர். அவை எவ்வாறு மரபுவழி வருகின்றன என்பதே அவர்களது வினா.

ஓசூரை அடுத்த மத்திகிரிக்கு இவ்வினா புதிதன்று. 1824இல் தொடங்கிய அங்குள்ள கால்நடைப் பண்ணையில், தாய் தந்தையின் வழியறிந்து கன்றைத் தெரிவு செய்வது வழக்கமான பணி. சிப்பியில் அது எளிதில் கைகூடுவதில்லை. வளர்ப்பு முத்துக்கு இரு சிப்பிகள் தேவைப்படுகின்றன. ஒன்றைக் கொன்று, ஓட்டை ஒட்டிய அதன் மேலுறைத் திசுவைச் சிறு துண்டுகளாக வெட்டி மற்றொன்றின் உடலுள் வைப்பர். அத்துண்டு வளர்ந்து முத்துப்பையாகிறது. அது சுரக்கும் கால்சியம் கார்பனேட், ஏறத்தாழ அரை மைக்ரான் தடிப்புள்ள அரகோனைட் தகடுகளாக அடுக்கடுக்காகப் படிகிறது. அவ்வடுக்கின் ஒழுங்கே ஒளிர்வுக்குக் காரணம். ஆக, சுரப்பது திசு தந்த சிப்பியின் உயிரணு. உணவூட்டிக் காப்பது ஏற்ற சிப்பி. நிறம் பெரிதும் முன்னதைப் பின்பற்றுகிறது. பருமனில் பின்னதன் வளர்ச்சிக்கும் நீருக்கும் பங்குண்டு. முத்தை மட்டும் பார்த்து வமிசத்தை எடைபோடுவது பிழையாகிவிடும்.

சீனத்தின் ஹைரியாப்சிஸ் குமிங்கி என்னும் நன்னீர்ச் சிப்பியில் ஷாங்காய் பெருங்கடல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணு வரைபடம் வரைந்து, ஓட்டின் உட்புற நிறத்தோடு தொடர்புடைய இடங்களைத் தேடினர். முறை இதுதான்: ஒரே பெற்றோருக்குப் பிறந்த குஞ்சுகள் பலவற்றில், எந்த டி.என்.ஏ. அடையாளம் எந்தப் பண்போடு சேர்ந்தே வருகிறது என்று கணக்கிடுவர். அடையாளம் உறுதிப்பட்டால், திசு தரத்தக்க சிப்பியை இளமையிலேயே இனங்காணலாம்.

இதற்குப் பெற்றோர் தெரிந்த குடும்பங்கள் வேண்டும். நன்னீர்ச் சிப்பியின் இளவுயிரியோ மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில காலம் ஒட்டி வாழ்ந்தே உருமாறும். ஆகவே பொரிப்பகத்தில் மீனையும் பேண வேண்டியுள்ளது. நம் நாட்டு லாமெல்லிடென்ஸ் சிப்பிகளைக் கொண்டு முத்து வளர்க்கப் புவனேசுவரத்து மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் பயிற்சியளித்து வந்துள்ளது. ஆயினும் பண்ணைகளுக்கு வருபவை பெரும்பாலும் குளங்களிலும் ஆறுகளிலும் பொறுக்கியவை. அவற்றின் வமிசம் எவருக்கும் தெரியாது.

ஓசூர் வட்டாரத்தில் இன்னொரு தடையும் உண்டு. தென்பெண்ணையில் கழிவுநீர் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கிய ஆண்டுகள் பல. சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் உயிர். பண்ணைக்கு முதலிட எண்ணும் இவ்வட்டார விவசாயி, விற்பவர் காட்டும் முத்தைப் பார்க்குமுன், சிப்பி எக்குளத்தது, திசு எதிலிருந்து எடுக்கப்படும், தம் கிணற்று நீரில் சுண்ணச்சத்து எவ்வளவு என்று கேட்பது நல்லது.