சிக்கானா மாதர் படைத்த இலக்கியம்

1848ஆம் ஆண்டில் நிகழ்ந்த உடன்படிக்கையொன்றினால் மெக்சிக்கோ தன் நிலப்பரப்பிற் பாதியளவை ஐக்கிய அமெரிக்காவுக்கு இழந்தது. அங்கு வாழ்ந்தோர், வீடு மாறாமலே பிறநாட்டவராயினர். அவர்தம் வழிவந்தோரும், பின்னர் மெக்சிக்கோவிலிருந்து குடியேறியோரும் 1960ஆம் ஆண்டுகளில் உரிமை கோரி எழுந்தபோது, தம்மைச் 'சிக்கானோ' எனப் பெருமையுடன் அழைத்துக்கொண்டனர். அதன் பெண்பாற் சொல்லே 'சிக்கானா' என்பதாம்.

இப்பெண்களுக்கு இடர் இரு திசையினின்றும் வந்தது. 1942இல் தென் ரெக்சாசிற் பிறந்தவர் குளோரியா அன்சால்டுவா. பள்ளி இடைவேளையில் ஸ்பானிய மொழி பேசியதற்காக அடிமட்டத்தால் விரற்கணுக்களில் அடிபட்டதை அவர் எழுதியுள்ளார். தாய்மொழியைக் குற்றமாக்கும் பள்ளி எத்தகைய கல்வியைப் புகட்டுதல் கூடும்? வீட்டிலோ, எதிர்வார்த்தை பேசிய பெண் வாயாடி எனப்பட்டாள். உரிமை இயக்கத்திலும் பெண்ணுரிமை பேசியோரைத் துரோகிகள் என ஆடவர் பலர் இகழ்ந்தனர். 'மலிஞ்சேயின் புதல்வியர்' என்பதே அவ்வசை.

யார் இந்த மலிஞ்சே? 1519இல் கோர்ட்டேஸ் என்னும் ஸ்பானியப் படைத்தலைவனிடம் கையளிக்கப்பட்ட அடிமைப் பெண்களுள் ஒருத்தி. மாயா மொழியும் நாவாட்டில் மொழியும் அறிந்தமையால் அவனுக்கு மொழிபெயர்ப்பாளராயினாள். நாடு வீழ்ந்த பழியைப் பிற்காலத்தார் அவள் தலையிற் சுமத்தினர். சிக்கானா எழுத்தாளர் அவ்வழக்கை மீண்டும் விசாரணைக்கெடுத்தனர். அடிமையாகக் கைமாறியவள் எந்நாட்டுக்குத் துரோகஞ் செய்தாள்? அவளைக் கொடுத்தவர் மீது பழியில்லையா?

1984இல் வெளிவந்த சாண்ட்ரா சிஸ்நேரோசின் 'மாங்கோ வீதி வீடு' இதனையே வேறு வகையிற் கூறுகின்றது. சிகாகோ நகரச் சிறுமி எஸ்பெரான்சா கொள்ளுப்பாட்டியின் பெயரைப் பெற்றவள். ஆயினும் கொள்ளுப்பாட்டி அடைபட்டிருந்த வாழ்வைப் பெற விரும்பாதவள்.

அன்சால்டுவா 1987இல் வெளியிட்ட 'எல்லை நிலங்கள்' கட்டுரையும் கவிதையும் கலந்தது. அதில் ஆங்கிலத்திடையே ஸ்பானியமும் நாவாட்டில் சொற்களும் வரும். பலவிடங்களில் மொழிபெயர்ப்பும் இராது. மொழித் தூய்மை விரும்புவோர்க்கு இது இடறலாகவே இருக்கும். இடறட்டும் என்றே அவர் அவ்வாறு எழுதினார் எனலாம். ஆங்கிலம் மட்டுமறிந்த வாசகன் அப்பக்கங்களிற் சிறிது பொழுது திகைத்து நிற்கின்றான். அச்சிறுமி பள்ளியில் நாடோறும் நின்ற நிலை அது.