வீடு விடுபடும், ஆள் விடுபடுவாரா?

அமெரிக்காவில் தொழில் பார்க்கும் எனது பழைய மாணவர் ஒருவர், 'ஷோர்ட் சேல்' என்பதற்குத் தமிழ் கேட்டிருந்தார். 'குறைவிலை விற்பனை' என்றால் புடவைக் கடை மலிவு விற்பனை போலாகிவிடும். 'கடனுக்கும் குறைந்த விற்பனை' என்பதே பொருந்தும். வீட்டின் மீது 300,000 டொலர் ஈட்டுக் கடன். விற்றால் 220,000 தான் தேறும் என்று வைத்துக்கொள்வோம். வங்கி இணங்கினால்தான் ஈடு நீங்கி விற்பனை நடக்கும். 2007ஐ அடுத்து வீட்டு விலைகள் சரிந்தபோது அங்கே இது பெருகியது.

வங்கி இணங்குவது இரக்கத்தால் அல்ல, கணக்கால். ஏலத்துக்குப் போனால் வழக்குச் செலவு, பூட்டிக் கிடக்கும் வீட்டின் பராமரிப்பு என்று நட்டம் கூடலாம். ஆகவே கஷ்டநிலையை விளக்கும் கடிதத்தோடு வருமான அத்தாட்சி, வங்கிக் கணக்குக் கூற்றுகள், வாங்குபவரின் ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். இரண்டாவது ஈடு இருந்தால் அந்தக் கடன்கொடுநரும் இணங்க வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் காப்புறுதி. முற்பணம் 20 வீதத்துக்குக் குறைந்தால் பொதுவாக ஈட்டுக் காப்புறுதி கேட்பார்கள். "நான்தானே மாசாமாசம் கட்டினேன், மிச்சத்தை அது அடைக்குந்தானே?" என்று கடனாளி நினைப்பார். அப்படியில்லை. கட்டுறது இவர், காப்பு வங்கிக்கு. வங்கியின் நட்டத்தை ஈடுசெய்வது காப்புறுதிக் கம்பனி என்பதால் அதன் சம்மதமும் தேவைப்படலாம். விற்பவரிடம் ரொக்கமோ கடனுறுதிப் பத்திரமோ அது கேட்கவும் கூடும். வங்கி தலையாட்டிய பிறகும் விற்பனை இங்கே முடங்கலாம். எனவே முதல் நாளே கேளுங்கள்: இக்கடனுக்குக் காப்புறுதி உண்டா? இறுதி முடிவு யாருடையது? பங்களிப்புக் கேட்டால், கையிலுள்ளதைக் கணக்கோடு காட்டித் தொகையைக் குறைக்கப் பேசலாம்.

கடைசியாக, சம்மதக் கடிதத்தைத் தமிழ்ப் பாடம் வாசிப்பதுபோல் சொல் சொல்லாக வாசிக்க வேண்டும். 'ஈட்டிலிருந்து விடுவிக்கிறோம்' என்பது வேறு. 'மீதிக் கடனைக் கோரமாட்டோம்' என்பது வேறு. முதலாவதில் வீடு விடுபடுகிறது, இரண்டாவதில்தான் ஆள் விடுபடுகிறார். கலிபோர்னியா 2011இல், குடியிருப்பு வீடுகளை இவ்வாறு விற்றபின் மீதியைக் கோருவதைச் சட்டத்தால் தடுத்தது. எல்லா மாநிலங்களிலும் அப்படியில்லை. மன்னிக்கப்பட்ட கடன், வருமானமாகக் கணிக்கப்பட்டு வரிக்கு உட்படவும் கூடும்.

மாணவருக்கு நான் எழுதியதும் இதுதான்: மீதி எண்பதாயிரம் என்னவாகும் என்பது அந்தக் கடிதத்தில் எழுத்தில் இல்லையென்றால், கையெழுத்து வைக்காதீர்கள். தொலைபேசியில் சொன்ன வாக்குறுதி நாளை கைகொடுக்காது.