பீனா கொலாடா: அன்னாசியும் தேங்காய்ப்பாலும்

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய புவேர்ட்டோ றிக்கோவிலே, சான் ஜுவான் நகரத்து ஹோட்டலொன்றில் 1954ஆம் ஆண்டளவில் 'பீனா கொலாடா' தோன்றியது என்பர். அப்பெருமையை வேறு விடுதிகளும் கோருவதுண்டு. 'வடித்த அன்னாசி' என்பது அந்த ஸ்பானியப் பெயரின் பொருள். 1978இல் அத்தீவு அதனைத் தன் தேசிய பானமாக ஏற்றது.

அன்னாசி தென்னமெரிக்காவிலிருந்து நம் கரைக்கு வந்தது. தென்னையோ இந்துசமுத்திரக் கரைகளிலிருந்து ஐரோப்பியர் கப்பல்களில் அங்கு சென்றது. ஆகவே இப்பானத்தின் சரக்கு நம் அடுக்களைக்குப் புதிதன்று.

அங்கே அன்னாசிச் சாறு 50 மில்லிலீற்றர், இனிப்பிட்ட தடித்த தேங்காய்ப்பால் 30, வெள்ளை றம் 50 என்ற அளவிற் கலந்து, ஐஸ் கட்டிகளுடன் நுரைக்க அடிப்பர். றம் என்பது, சீனி எடுத்தபின் எஞ்சும் கரும்புப் பாகைப் புளிக்கவைத்து வடிக்கும் மது. தனியே அருந்தின் நாவைச் சுடுவது, இங்கே இனிப்பிலும் கொழுப்பிலும் மறைந்துவிடுகிறது. பழச்சாறென்றெண்ணி மீண்டும் மீண்டும் அருந்துவோர் பலர். சிறுவர் அறியாது எடுத்துப் பருகவுங் கூடும். விருந்திற் கலக்கும் பெரியவர்கள் அளந்தே ஊற்றுக. கைக்கெட்டாத இடத்தில் வைக்க.

நம் குடும்பங்களுக்கு நாம் பரிந்துரைப்பது றம் இல்லாததையே. தேங்காயின் முதற்பாலிற் சீனி கரைத்து, அன்னாசிச் சாறும் சிறிது தேசிக்காய்ப் புளியும் சேர்த்து, ஐஸ் கட்டிகளுடன் போத்தலிலிட்டுக் குலுக்கி உடனே பருகுக. பசுப்பால் ஆகாது, பச்சை அன்னாசியிலுள்ள புரோமலேன் என்னும் நொதியம் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். றம்மை நீக்கினாலும் இப்பானத்தின் மணமும் சுவையும் குன்றா என்பதைப் பருகுவோர் அறிவர்.